இரைப்பைப் புண் காப்புச் சோதனை (மூலிகைச் சாறுகள்)

மூலிகைச் சாறு இரைப்பையின் உட்சுவரைப் புண்ணிலிருந்து காக்கிறதா என்பதை விலங்குகளில் அளந்தறியும் ஆய்வுமுறை. ஷே குழுவினர் 1945இல் விவரித்த முறையில், பட்டினி போடப்பட்ட எலியின் இரைப்பை சிறுகுடலோடு சேரும் வாய், மயக்கமருந்து கொடுத்தபின் நூலால் கட்டப்படுகிறது. வெளியேற வழியின்றித் தேங்கும் அமிலமும், புரதத்தைச் செரிக்கும் பெப்சின் நொதியும் உட்சுவரையே அரிக்கின்றன. சில மணி நேரத்துக்குப் பின் இரைப்பையை எடுத்து, வளைவின் ஓரமாக அறுத்து விரித்து, சுரந்த நீரின் அளவையும் அமிலத்தன்மையையும் கணக்கிடுவதோடு, உருப்பெருக்கிக் கண்ணாடியால் புண்களை எண்ணி, ஆழத்துக்கேற்ப மதிப்பெண் இடுவர். சாறு பெறாத எலிகளும், ஒமிப்ரசோல் போன்ற அறியப்பட்ட மருந்து பெற்ற எலிகளும் ஒப்பீட்டுக்கு உண்டு. எலிக்கு எத்தனாலை (சாராயத்தை) வாய்வழியே கொடுத்துப் புண்ணை உண்டாக்கும் மற்றொரு முறையிலோ, செந்நிறக் குருதிக்கசிவுக் கோடுகள் ஒரு மணி நேரத்திலேயே தோன்றிவிடும். அச்சேதம் அமிலத்தைப் பெரிதும் சாராததால், சாறு சளிப்படலத்தைக் காக்கிறதா என்பது இங்கேதான் தெளிவாகும்.

இத்துறையில் நெடுந்தூரம் சென்ற மூலிகை அதிமதுரம். அதன் வேரிலுள்ள கிளிசிரைசினிலிருந்து பெறும் அமிலத்தைக் கொண்டு உருவாக்கப்பட்ட கார்பெனாக்சலோன் 1960களில் பிரிட்டனில் புண்ணுக்கு மருந்தாக வழங்கப்பட்டது; ஆயினும் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி இரத்த அழுத்தத்தை உயர்த்தியதால், அமிலச் சுரப்பைக் குறைக்கும் சிமெடிடின் என்ற மருந்து வந்தபின் வழக்கொழிந்தது.

எலிக்குச் சாற்றை முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் புண்ணை உண்டாக்குவதால், இச்சோதனை காப்பைக் காட்டுமேயன்றி, வந்த புண்ணை ஆற்றும் திறனைக் காட்டாது. மனிதரில் பெரும்பான்மைப் புண்களுக்குக் காரணமாக 1980களில் அறியப்பட்ட ஹெலிகோபாக்டர் பைலோரி நுண்ணுயிரியும் இதில் இடம்பெறுவதில்லை.