தரமணியில் போட்ட கணக்கு: கிராஃபீனில் எலக்ட்ரான் 'படிக்கட்டு' சரிவது எப்படி?

சாயங்கால நேரத்தில் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறியவர்களுக்குத் தெரியும், நாலு அடி வைப்பதற்குள் நாலு பேர் மீது மோத வேண்டியிருக்கும். சாதாரண மின்கம்பிக்குள் எலக்ட்ரான்கள் படும் பாடும் கிட்டத்தட்ட இதுதான். ஆனா கிராஃபீனில் கதையே வேற. அந்தக் கதையில் ஒரு முக்கியமான கணக்கு போடப்பட்டது நம்ம தென்சென்னையில், தரமணியில்!

கிராஃபீன் என்றால் என்ன?

பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டை ஒரே ஒரு அணு தடிமனுக்கு உரித்தால் அதுதான் கிராஃபீன். 2004-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆந்த்ரே கைம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் இருவரும் ஒட்டும் டேப்பை வைத்தே இதைப் பிரித்தெடுத்தார்கள். 2010-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

இதில் என்ன ஸ்பெஷல்?

கிராஃபீனில் எலக்ட்ரானின் ஆற்றல் கூடினாலும் குறைந்தாலும் வேகம் மாறாது. விநாடிக்கு சுமார் 10 லட்சம் மீட்டர். ஒளியின் வேகத்தில் இது 300-ல் ஒரு பங்குதான். ஆனாலும், எடையே இல்லாத ஒளித்துகள் போல எலக்ட்ரான் நடந்துகொள்கிறது.

அது என்ன படிக்கட்டு?

கிராஃபீன் தாளுக்குச் செங்குத்தாக வலுவான காந்தப்புலம் கொடுத்தால் எலக்ட்ரான்கள் வட்டமடிக்கும். அப்போது குறிப்பிட்ட சில ஆற்றல் நிலைகளில் மட்டுமே அவை இருக்க முடியும். இந்தப் படிகளுக்குப் பெயர் 'லேண்டாவ் நிலைகள்'.

தரமணி சொன்னது என்ன?

தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் வினு லூகோஸ், ஆர்.சங்கர், ஜி.பாஸ்கரன் ஆகியோர் 2007-ல் 'ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். காந்தப்புலத்தோடு, தாளின் போக்கிலேயே மின்புலமும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. சாதாரண குறைகடத்தியில் படிகளின் இடைவெளி மாறாது. கிராஃபீனில் சுருங்கும் என்றார்கள். ஐன்ஸ்டீனின் சார்பியல் கணக்கில் ஒளியின் வேகத்துக்குப் பதில் கிராஃபீன் எலக்ட்ரானின் வேகத்தைப் போட்டால் கிடைக்கும் விடை இது.

1 டெஸ்லா காந்தப்புலத்தில், மைக்ரோமீட்டருக்கு சுமார் 1 வோல்ட்தான் எல்லை. அதில் பாதி வந்தால் இடைவெளி சுமார் 80 சதவீதமாகும். 90 சதவீதத்தைத் தொட்டால் 30 சதவீதம்கூட மிஞ்சாது. எல்லையைத் தொட்டால் மொத்தப் படிக்கட்டும் சரிந்துவிடும்.

சோதனையில் தெரிந்ததா?

2011-ல் பிலிப் கிம், லியோனிட் லெவிடோவ் உள்ளிட்ட விஞ்ஞானிகள், மேலே மின்முனை வைத்த கிராஃபீன் அமைப்பின் சோதனை முடிவுகளை வெளியிட்டனர். காந்தப்புலம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கியதும், மின்தடையில் தெரிந்த ஏற்ற இறக்கங்கள் சட்டென மறைந்தன. மின்புலத்தின் கை ஓங்கியதும் எலக்ட்ரானின் வட்டப் பாதை உடைந்து திறந்துகொண்டதே காரணம் என விளக்கினர்.

நமக்கு என்ன பயன்?

இந்தப் படிகளை வைத்துத்தான் மின்தடையின் அலகான 'ஓம்' துல்லியமாக அளக்கப்படுகிறது. கிராஃபீனில் கிடைக்கும் சுமார் 12,906 ஓம் என்ற மதிப்பு சென்னையிலும் டோக்கியோவிலும் ஒன்றுதான். ஆனா படி நிற்கும் வரைதான் அந்த அளவை நம்ப முடியும். வேறு காரணங்களால் முன்னாடியே படி உடையலாம். எப்படிப் பார்த்தாலும் தாண்டவே முடியாத கோடு எது என்பதைச் சொன்னது, தரமணியில் போட்ட கணக்கு.