ஐம்பதாண்டு மௌனம்

1957ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் மேற்கு ஜெர்மனியில் ‘காண்டெர்கான்’ என்னும் உறக்க மாத்திரை விற்பனைக்கு வந்தது. அதிலிருந்த மருந்து தாலிடோமைடு. ஸ்டோல்பெர்க் நகரத்துக் குரூனெந்தால் நிறுவனம் அதனைத் தீங்கற்றதென விளம்பரம் செய்தது; மருத்துவர் சீட்டின்றியே அது கடைகளிற் கிடைத்தது. மசக்கை தணியக் கருவுற்ற பெண்டிரும் அதனை உண்டனர். விளைவு யாது? கைகால்கள் குறுகியும், சிலர்க்கு அறவே இன்றியும் பிறந்த குழந்தைகள் உலகெங்கும் 10,000க்கு மேல் என்பர். காரணம் எடுத்துரைப்பார் இன்மையால் தம்மையே நொந்துகொண்ட அன்னையர் பலர்.

ஹாம்பர்க் குழந்தை மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ் 1961 நவம்பரில் நிறுவனத்தை எச்சரித்தார். செய்தித்தாள் ஒன்று அதனை வெளியிட்ட பின்னரே மருந்து திரும்பப் பெறப்பட்டது. 1968இல் தொடங்கிய குற்ற வழக்கோ 1970 டிசம்பரில் தீர்ப்பின்றியே முடிந்தது. நிறுவனம் 10 கோடி மார்க் தர இசைந்தது. பணம் வந்தது; மன்னிப்புச் சொல் வரவில்லை.

அச்சொல் வந்தது 2012 ஆகஸ்ட் 31ஆம் நாள். ஸ்டோல்பெர்கில் ஊனமுற்ற குழந்தையின் வெண்கலச் சிலையொன்றைத் திறந்துவைத்த விழாவில், நிறுவனத் தலைவர் ஹரால்டு ஸ்டாக் மன்னிப்புக் கோரினார். எதற்கு? இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் பாதிக்கப்பட்டோரை நேரில் அணுகாது வாளாவிருந்தமைக்கே! அம்மௌனம் அதிர்ச்சியால் விளைந்தது என்றும் அவர் விளக்கினார். மருந்தை ஆய்ந்து விற்றதில் அக்கால அறிவியல் நெறி பிறழவில்லை என்பதே நிறுவனத்தின் நிலை. ஆகவே, பாதிக்கப்பட்டோர் சங்கங்கள் அம்மன்னிப்பை ஏற்க மறுத்தன. மறுத்தது முறையே. பேசாதிருந்ததற்கு வருந்துவோர், பேசவேண்டிய செய்தியை அன்றும் பேசவில்லையே!

பிரிட்டிஷ் அரசு 2010 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்திருந்தது. ஆஸ்திரேலியாவோ 2023 நவம்பர் 29 வரை காத்திருந்தது; இத்தனைக்கும், இம்மருந்தின் தீங்கை 1961லேயே எழுத்தில் அறிவித்த வில்லியம் மெக்பிரைடு சிட்னி நகர மருத்துவர். ஆயினும் அந்நாட்டு மன்னிப்பு வேறு வகையினது. தீங்கு தெரிந்த பின்னும் அன்றைய அரசு மருந்தின் இறக்குமதியை உடனே தடுக்கவில்லை, கையிருப்பை அழிக்க ஆணையிடவுமில்லை என்று, பிரதமர் ஆண்டனி ஆல்பனீசி பாதிக்கப்பட்டோர் முன்னிலையில் நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்தார்.