பாலாறும் 42-வது திருத்தமும்

எமர்ஜென்சி சமயத்துல, 1976-ல் வந்தது 42-வது திருத்தம். அரசியலமைப்பையே புரட்டிப் போட்ட திருத்தம். நாடாளுமன்றம் எதை வேணும்னாலும் திருத்தலாம், கோர்ட் கேள்வி கேட்கக் கூடாதுன்னுகூட எழுதி வைத்தார்கள்.

ஆனா 1973-லேயே கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் 7 பேர் ஒரு கோடு போட்டிருந்தார்கள். திருத்தலாம், அடிப்படைக் கட்டமைப்பில் கை வைக்கக் கூடாது. அதைக் காட்டித்தான் 1980-ல் மினர்வா மில்ஸ் தீர்ப்பு அந்தப் பிரிவுகளைச் செல்லாதுன்னு சொன்னது. வேறு பலதை 1978-ன் 44-வது திருத்தம் ஏற்கனவே களையெடுத்துவிட்டது.

தப்பிப் பிழைத்ததில் ரெண்டு நமக்கு முக்கியம். சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் பொறுப்பு என்ற 48ஏ, குடிமக்களுக்கும் அது கடமை என்ற 51ஏ(ஜி). இதுக்கும் வேலூருக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா?

தோல் ஷாப் கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில் நீதிபதி குல்தீப் சிங், உயிர் வாழும் உரிமையான 21-வது பிரிவோடு இந்த ரெண்டையும் எடுத்துக்கொண்டார். மாசுபடுத்தினவரே காசு கொடுக்கணும் என்பது இந்த நாட்டுச் சட்டம்தான் என்றார். ஒவ்வொரு ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம்.

அப்புறம்? 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடியும் இழப்பீடு கொடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது!

கெட்ட திருத்தத்தைக் கோர்ட் தடுத்துவிடும். நல்ல திருத்தம் தானா நடந்துடாது. ஊர்க்காரங்க அதைத் தூக்கிக்கிட்டு டெல்லி வரைக்கும் நடக்கணும். ஒரு தடவை இல்ல, பல தடவை. ஆம்பூர், வாணியம்பாடிக்குப் பிழைப்பும் வேணும், குடிக்கிற தண்ணியும் வேணுமே.