அவர் சொன்னார், நாங்கள் போட்டோம்

தேர்தல் காலத்தில் அரசியல்வாதி பொய் சொல்வதைக் கண்டு நான் ஆச்சரியப்படுவதில்லை. மழை வந்தால் தவளை கத்தத்தான் செய்யும். பொய் என்று தெரிந்தும் அதை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, "அவர் சொன்னார், நாங்கள் போட்டோம்" என்று கைகழுவுகிற பத்திரிகைகளைப் பார்த்தால்தான் எனக்கு ஆற்றாமை பொங்குகிறது. இந்த வியாதி எதில் கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்க சரித்திரத்திலே ஓர் அத்தியாயம் உண்டு.

1950 பிப்ரவரி 9-ஆம் தேதி, மேற்கு வர்ஜீனியாவிலுள்ள வீலிங் நகரில் குடியரசுக் கட்சி மாதர் சங்கக் கூட்டம். விஸ்கான்ஸின் மாநில செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி பேசினார். வெளிநாட்டு இலாகாவில் உள்ள 205 கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தம் கையில் இருப்பதாகச் சொன்னார். உள்ளூர்ப் பத்திரிகை அப்படியே போட்டது. செய்தி ஸ்தாபனம் அதை நாடெங்கும் அனுப்பியது. மறுநாள் சால்ட் லேக் நகரில் 205 என்பது 57 ஆயிற்று. பிப்ரவரி 20-ல் செனட் சபையில் 81 ஆயிற்று. மளிகைக் கடைக்காரர் இப்படி மூன்று தினுசாகக் கணக்குச் சொன்னால் நாம் சும்மா விடுவோமா? பத்திரிகைகளோ மூன்றையும் செய்தியாகப் போட்டன.

மெக்கார்த்தி பத்திரிகைத் தொழிலின் நெளிவுசுளிவு அறிந்தவர். அச்சுக்குப் போகும் நேரம் பார்த்துக் குற்றச்சாட்டை வீசுவார். விசாரிக்க அவகாசம் இராது. மறுப்பு மறுநாள் உள்பக்கத்தில் வருவதற்குள் இன்னொன்றை வீசிவிடுவார்.

அந்தக் குற்றச்சாட்டுகளை விசாரித்த செனட் குழுவின் தலைவர் மேரிலாந்து செனட்டர் மில்லார்ட் டைடிங்ஸ். எல்லாம் மோசடி என்று ஜூலையில் குழு அறிக்கை கொடுத்தது. நவம்பரில் டைடிங்ஸுக்குத் தேர்தல் வந்தது. அப்போது மேரிலாந்தில் நாலு பக்கப் பிரசுரம் ஒன்று லட்சக்கணக்கில் விநியோகமாயிற்று. அதிலே டைடிங்ஸும் கம்யூனிஸ்ட் தலைவராயிருந்த ஏர்ல் பிரௌடரும் நெருங்கி நிற்பதுபோல ஒரு படம். இரண்டு தனித்தனிப் படங்களை வெட்டி ஒட்டியது! ஒட்டுப் படம் என்று கீழே பொடி எழுத்தில் ஒரு சொல்லும் இருந்தது. அதை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? பிரசுரத்தைத் தயாரிக்கக் கைகொடுத்தது வாஷிங்டன் டைம்ஸ்-ஹெரால்டு என்ற தினசரியே. இருபத்துநாலு வருஷம் செனட்டராயிருந்த டைடிங்ஸ் தோற்றார். அந்தப் படம் ஒன்றேதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நல்ல மனிதர் மீது சேற்றை வாரி இறைத்தது அது.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். அம்புக்குப் போகிற இடம் தெரியாது, நிருபருக்குத் தெரியுமே! பொய்யனுக்கும் பொய்யால் அடிபட்டவனுக்கும் நடுவிலே பாய் விரித்து உட்கார்ந்துகொண்டு, அதற்கு நடுநிலைமை என்று பெயர் சூட்டுவது என்ன நியாயம்?

வழி இல்லாமலும் இல்லை. மெக்கார்த்தியின் சொந்த மாநிலத்து மில்வாக்கி ஜர்னல் அவர் பேச்சைப் போடும்போதே, உண்மை நிலவரத்தை அடைப்புக்குறிக்குள் பக்கத்திலேயே போட்டது. பொய்யும் திருத்தமும் ஒரே பத்தியில் வாசகர் கண்ணில் பட்டன. எல்லாப் பத்திரிகைகளும் முதல் நாளிலேயே அப்படிச் செய்திருக்கலாம்.

1951-ல் செனட் குழு ஒன்று அந்தப் பிரசுரத்தைக் கண்டித்தது. 1954 டிசம்பர் 2-ல் செனட் சபையே 67-க்கு 22 என்ற வாக்கில் மெக்கார்த்தியைக் கண்டித்தது. ஆனால் டைடிங்ஸைத் தோற்கடித்த ஜான் மார்ஷல் பட்லர் 1963 வரை அந்தப் பதவியில் இருந்தார். மறுப்பு என்றைக்கு வேண்டுமானாலும் வரலாம். போட்ட ஓட்டைத் திரும்ப வாங்க முடியுமா?