அஹகிஸ்ரா: அயர்லாந்துக் கரையில் ஒரு பெயர்ச்சுவர்

சவுதாம்ரனில் புறப்பட்ட எமது உல்லாசக் கப்பல், அயர்லாந்தின் தென்கரையிலுள்ள கோவ் துறைமுகத்தில் ஒரு பகற்பொழுது மட்டுமே தரித்து நின்றது. குட்மேய்ஸிலிருந்து சென்ற நாங்கள் ஆறு பேர். பிள்ளைகள் பணம் சேர்த்து அனுப்பிவைத்த பயணம் அது. கடல் என்றாலே முகஞ்சுழிக்கும் தலைமுறையினரான எமக்கு, கப்பலில் உல்லாசம் என்பதே சற்று விசித்திரமாகத்தான் இருந்தது.

கோவ் நகரம் பிரிவின் துறைமுகம். 1848 முதல் 1950 வரை இருபத்தைந்து இலட்சம் ஐரிஷ் மக்கள் இங்கிருந்தே அமெரிக்காவுக்கும் பிற நாடுகளுக்கும் கப்பலேறினர். 1912 ஏப்ரல் 11இல் டைட்டானிக் கடைசியாகத் தரித்ததும் இங்கேதான். ஏனைய பயணிகள் அவற்றைப் பார்வையிடச் சென்றனர். நாமோ ஒரு வாகனத்தை வாடகைக்கு அமர்த்தி, மேற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடி, அஹகிஸ்ரா என்னும் சிற்றூரை அடைந்தோம்.

டன்மனஸ் குடாவின் ஓரத்தில், கடலை நோக்கிய ஒரு சிறு பூந்தோட்டம். நடுவே சூரியக் கடிகாரம் ஒன்று. கோர்க்கைச் சேர்ந்த சிற்பி கென் தொம்சன் அமைத்தது. அருகிலுள்ள சுவரில் 329 பெயர்கள்.

1985 ஜூன் 23 காலை. மொன்றியலில் இருந்து இலண்டன் வழியாக டில்லிக்கும் பம்பாய்க்கும் செல்லவிருந்த எயார் இந்தியாவின் ‘கனிஷ்கா’ விமானம், ஐரிஷ் நேரப்படி எட்டேகால் மணியளவில், 31,000 அடி உயரத்தில் குண்டு வெடித்துச் சிதறியது. ஹீத்றோவில் தரையிறங்க ஒரு மணி நேரங்கூட இருக்கவில்லை. அயர்லாந்துக் கரையிலிருந்து ஏறத்தாழ 190 கிலோமீற்றர் தொலைவில் அத்திலாந்திக் கடலில் வீழ்ந்த அவ்விமானத்தில் இருந்த 329 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. எண்பதுக்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். கோடை விடுமுறைக்குத் தாத்தா பாட்டியரின் வீடு தேடிச் சென்ற குடும்பங்கள் பல.

முதலில் அவ்விடத்தை அடைந்தது ‘லோரன்ரியன் பொரஸ்ற்’ என்னும் சரக்குக் கப்பல். பின்னர் ஐரிஷ் கடற்படைக் கப்பலான ‘ஆஷ்லிங்’ வந்து மீட்பு வேலையைத் தொடர்ந்தது. 131 உடல்களே கிடைத்தன. அவை கோர்க் நகர மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டன. எஞ்சியோருக்குக் கடலே கல்லறை. அடையாளம் காண வந்த உறவினரை அந்நகர மக்கள் தேற்றி, தம் வீட்டாரைப்போல் பார்த்துக்கொண்டனர். ஓராண்டு நிறைவில், 1986 ஜூன் 23இல், இந்நினைவிடம் திறந்துவைக்கப்பட்டது.

இறந்தோரில் ஒருவரேனும் அஹகிஸ்ரா ஊரவர் அல்லர். 268 பேர் கனடியக் குடிமக்கள். ஆயினும் அன்றைய கனடியப் பிரதமர் பிறையன் மல்றோனி, இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்திக்கு அனுதாபம் தெரிவித்தார். கனடாவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள்கூடப் பிற நாட்டவராகவே எண்ணப்பட்டனர் என்ற ஆறாத வடு உறவினர் நெஞ்சில் இன்றுமுண்டு. வழக்கும் அவ்வாறே இழுபட்டது. கனடாவிலிருந்த சீக்கியத் தீவிரவாதிகளே காரணம் எனக் கண்டறியப்பட்டபோதும், தண்டனை பெற்றவர் இந்தர்ஜித் சிங் றெயாத் ஒருவர் மட்டுமே. 2005 மார்ச்சில் மற்றைய இருவர் விடுதலையாகினர். ரொறன்ரோவிலும் வன்கூவரிலும் நினைவிடங்கள் எழுந்ததோ 2007இல்தான். அரசின் மன்னிப்பு 2010இல், பிரதமர் ஸ்ரீபன் ஹார்ப்பரின் வாயிலாக வந்தது. சின்னஞ்சிறு ஊர் ஒன்று ஓராண்டில் செய்ததைப் பெரிய நாடொன்று இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துச் செய்தது!

கனடாவில் பரதநாட்டியம் வளர்த்த லதா பாடா அவர்களின் கணவரும் இரு புதல்வியரும் அவ்விமானத்தில் இருந்தனர். அவர் மட்டும் முன்கூட்டியே இந்தியா சென்றிருந்தார். பின்னாளில் அவ்விழப்பையே நாட்டிய நாடகமாக அரங்கேற்றினார்.

எம்முடன் வந்தவருள் நெடுந்தீவைச் சேர்ந்த அம்மையார் ஒருவர். சுவரின் முன்னே நெடுநேரம் நின்றவர், “எந்த ஆண்டு, தம்பி?” என்று கேட்டார். “எண்பத்தைந்து” என்றேன். “அப்ப எங்கட குமுதினியும் அந்த ஆண்டுதானே” என்றார்.

உண்மைதான். அவ்வாண்டு மே 15இல், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கிச் சென்ற குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. குழந்தை முதல் முதியோர் வரை பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். வந்தவர்கள் கடற்படையினரே என உயிர் தப்பியோர் கூறினர், எவரும் தண்டிக்கப்படவில்லை. இரு துயரங்களுக்கும் இடையே 39 நாட்களே. நெடுந்தீவிலும் நினைவுத்தூபி உண்டு. ஆண்டுதோறும் மே 15இல் உறவினர் அங்கே கூடுவர். ஆனால் அம்மையார் இலண்டன் வந்தபின் ஒருமுறையேனும் அங்கே விளக்கேற்ற வாய்க்கவில்லை.

தோட்டத்தில் புல் கத்தரித்துக்கொண்டிருந்த ஐரிஷ் முதியவர் ஒருவர் எம்மைக் கண்டு தொப்பியைக் கழற்றினார். உறவினரா எனக் கேட்டார். இல்லையென்றோம். ஆண்டுதோறும் ஜூன் 23 காலை, அந்நேரத்தில் ஊர் கூடி மௌனம் காக்கும் எனவும், வரக்கூடுமாயின் வாருங்கள் எனவும் சொன்னார். அம்மையாருக்கு அதை மொழிபெயர்த்தேன்.

அவர் கைப்பையிலிருந்து சிறு கற்பூரக் கட்டி ஒன்றை எடுத்தார். கடற்காற்றில் தீக்குச்சி நிற்கவில்லை. முதியவர் முன்வந்து இரு கைகளையும் குவித்து மறைத்தார். மூன்றாம் குச்சியில் பற்றியது. அம்மையார் சுவரிலிருந்த பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தார். பின் சுவரில் இல்லாத இரு பெயர்களையும் சொன்னார். எவருடையவை என நாங்கள் கேட்கவில்லை.

கப்பல் மாலையிலேயே புறப்படும் என்பதால் அதற்குமேல் நிற்க நேரமிருக்கவில்லை.