கைத்துப்பாக்கியும் கண்ணியமும்

தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரைக்கு மின்சார ரயிலில் செல்வோர் நாள்தோறும் பரங்கிமலையைக் கடக்கின்றனர். 1769இல் ஹைதர் அலீ தம் குதிரைப் படையுடன் வந்து நின்று, கும்பினியாரைச் சமாதானம் பேச வைத்த இடம் அது. பின்னர் அந்த மலையடிவாரமே மதராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடமாயிற்று. மலை ஒன்றுதான், ஆயுதம் ஏந்திய கைதான் மாறிற்று.

பீரங்கியைப் பற்றி நிரம்ப எழுதப்பட்டிருக்கிறது. சட்டைப் பையில் அடங்கும் சிறு ரிவால்வருக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1836இல் சுழலும் உருளை கொண்ட துப்பாக்கிக்குத் தம் நாட்டில் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் மருந்து கெட்டிக்க வேண்டியிருந்த தொல்லை அதனால் நீங்கிற்று. 1872இல் பர்மிங்ஹாம் நகரத்து வெப்லி நிறுவனம் ‘புல் டாக்’ என்னும் குறுந்துப்பாக்கியை வெளியிட்டது. இரண்டரை அங்குலக் குழல், ஐந்து தோட்டாக்கள். மேலங்கிப் பைக்கு அளவெடுத்தாற்போன்ற உருவம்.

ஆறாண்டுகள் கழித்து, 1878இல், லிட்டன் பிரபுவின் ஆட்சி ஆயுதச் சட்டத்தைக் கொணர்ந்தது. இந்தியன் உரிமச்சீட்டின்றி ஆயுதம் வைத்திருத்தல் குற்றமாயிற்று. ஐரோப்பியருக்கோ விலக்கு அளிக்கப்பட்டது. ஒரே தெருவில் ஒருவர் பையில் இருந்தால் தற்காப்பு, மற்றவர் பையில் இருந்தால் குற்றம்! இரும்பைவிட இந்த வேற்றுமையே நம் முன்னோரைச் சுட்டது.

1887 டிசம்பரில் காங்கிரஸின் மூன்றாம் மாநாடு சென்னையில் கூடிற்று. தலைமை தாங்கியவர் பம்பாய் வழக்கறிஞர் பத்ருத்தீன் தையப்ஜி. காங்கிரஸின் முதல் முஸ்லிம் தலைவர் அவரே. அச்சட்டம் மக்கள்மீது தகாத களங்கத்தைச் சுமத்துகிறது, அதைத் திருத்துக என்று அம்மாநாடு தீர்மானித்தது. அவர்கள் வேண்டியது வெடிமருந்தையன்று, நம்பிக்கையை.

அக்களங்கம் நீங்க நெடுங்காலமாயிற்று. 1959இல் விடுதலை பெற்ற நாடு புதிய ஆயுதச் சட்டம் இயற்றியது. அது 1962இல் நடைமுறைக்கு வந்தது. பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு அச்சட்டம் விலக்களிக்கிறது. சுடும் தகுதியுள்ளதாயின், எத்துணைப் பழமையானதாயினும் உரிமம் வேண்டும். 2019ஆம் ஆண்டின் திருத்தம், ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. ஆகவே, பாட்டனாரின் பெட்டியில் பழைய ரிவால்வர் ஒன்று கிடைத்தால், அதை அலமாரியில் அழகுக்கு வைப்பது முறையன்று. காவல் நிலையத்தில் ஒப்படைத்து, உரிமத்துக்கு வழி தேடுவதே முறை.

பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புடன் செல்பவர் அதன் முனையைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும், எவரையும் அது காயப்படுத்திவிடலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். ஆயுதத்தை அவர்கள் தடுக்கவில்லை. அதைச் சுமப்பவனுக்குப் பொறுப்பைச் சுமத்தினார்கள். 1887இல் நம் முன்னோர் கேட்ட கண்ணியத்துக்கு விலை அந்தப் பொறுப்புதான். சேகரிப்போர் அதனையும் சேர்த்தே சேகரிப்பாராக.