கணக்கின் ஒரு பக்கம்: பிரித்தானிய வீட்டுக்கடன் வட்டிச் சலுகையின் வரலாறு

பிரித்தானியாவில் வீட்டுக்கடன் வட்டிக்கு அளிக்கப்பட்ட வரிச்சலுகை, வீடு வாங்குவோருக்கு அரசு ஈந்த கொடையென்றே பொதுவாகக் கருதப்பட்டது. ஆயின் அதன் தோற்றம் வேறு. 1803 இல் அடிங்டன் வகுத்த வருமான வரியின் ‘ஏ’ அட்டவணைப்படி, தன் வீட்டில் தானே குடியிருப்பவனும் வரிக்கு உட்பட்டான். அவ்வீட்டின் வாடகைப் பெறுமதி அவனது வருமானமாகக் கொள்ளப்பட்டது. அவ்வருமானத்துக்கு வரி செலுத்துபவன், அதனைப் பெறுதற்குப் பட்ட கடனின் வட்டியைக் கழித்துக்கொள்வது முறையே.

1963 இல் இவ்விணைப்பு அறுந்தது. வரி மதிப்பீடுகள் 1930களின் வாடகையையே அடிப்படையாகக் கொண்டிருந்தன. அவற்றைத் திருத்தினால் வரி பெரிதும் உயரும். திருத்துவதிலும் நீக்குவதே அரசியலில் எளிதாயிற்று. நிதியமைச்சர் மோட்லிங் காலத்தில் வரி மறைய, வட்டிக் கழிவு மட்டும் எஞ்சி நின்றது. சலுகை என்னும் பெயர் அதற்கு உண்மையிற் பொருந்தியது அன்றுதொட்டே எனலாம்.

இதனாற் பயனடைந்தவர் யாவர்? பொருளியலாளர் இதனை எளிய மாதிரியொன்றால் விளக்குவர். வட்டிச்சுமை குறையின் வாங்குவோன் கூடிய விலை கொடுக்க முன்வருவான். வீடுகள் விரைந்து பெருகுமாயின் விலை அதிகம் ஏறாது. பெருகாவிடின், சலுகையின் பெரும்பகுதி விலையிற் கரைந்து, ஏலவே காணியும் வீடும் உடையவனைச் சென்றடையும். 1947 இன் திட்டமிடற் சட்டத்துக்குப் பின், அனுமதியின்றிக் கட்டவியலாத பிரித்தானியாவுக்கு இரண்டாம் நிலையே பெரிதும் பொருந்தும். அன்றியும், எண்பதுகளின் தொடக்கத்தில் 60 வீத வரி செலுத்திய செல்வன் 100 பவுண் வட்டிக்கு 60 பவுண் மீட்க, 30 வீதம் செலுத்தியவன் 30 பவுணே மீட்டான்.

1988 இன் நிகழ்ச்சி ஈண்டு சிறப்பாக நோக்கற்பாலது. ஒரு வீட்டைச் சேர்ந்து வாங்கும் மணமாகாதோர் ஒவ்வொருவரும் 30,000 பவுண் கடன்வரை சலுகை பெற்றுவந்தனர். இனி வீடொன்றுக்கு ஒரு சலுகையே என மார்ச் மாதத்தில் லோசன் அறிவித்தார். ஆயினும் அது நடைமுறைக்கு வந்தது ஓகஸ்டிலேயே. இடைப்பட்ட மாதங்களில் பலர் கூட்டாக வீடு வாங்க விரைந்தனர். முன்னரே ஏறிக்கொண்டிருந்த விலை மேலும் ஏறிற்று. மத்திய வங்கியின் வட்டி வீதமோ 1988 மே மாதத்தில் 7.5 ஆக இருந்து 1989 ஒக்ரோபரில் 15 ஆயிற்று. அவசரத்தில் வாங்கியோர் பலரிடம் கடனிலும் பெறுமதி குறைந்த வீடே மிஞ்சியது. வீழ்ச்சிக்கு வட்டியே முதற் காரணமெனினும், முன்னறிவித்த நாளொன்று சந்தையை எவ்வாறு கலக்கும் என்பதற்கு இது தக்க சான்று.

பின்னர் சலுகை படிப்படியாகத் தேய்ந்தது: 1991 இல் உயர் வீதத்தாருக்கு இல்லையாயிற்று, 1994 இல் 20 வீதம், 1995 இல் 15, 1998 இல் 10 எனக் குறைந்து, 2000 ஏப்பிரலில் முற்றாக ஒழிந்தது. 1983 இல் விதிக்கப்பட்ட 30,000 பவுண் எல்லை இறுதிவரை உயர்த்தப்படாமையால், அதன் பெறுமதியை விலைவாசியே முன்னர் அரித்துவிட்டிருந்தது. குடியிருப்பவனின் வாடகைப் பெறுமதி மீதான பழைய வரி மட்டும் மீளவில்லை.